கத்துவது கிட்டாரா, ஆம்ப்பா? வால்வு ஆம்ப்பில் வேண்டாத ஃபீட்பேக்கைத் தேடிப் பிடிப்பது

ஆம்ப் கத்தத் தொடங்கியதும் ஆறு தந்திகள் மேலும் உள்ளங்கையை வைத்து நன்றாக அழுத்துங்கள். சத்தம் நின்றுவிட்டால் ஆம்ப்பில் பழுது இல்லை. ஸ்பீக்கரிலிருந்து வரும் காற்றதிர்வு தந்தியை ஆட்டுகிறது, தந்தியின் அசைவைப் பிக்கப் (கிட்டாரில் தந்திகளுக்குக் கீழே இருக்கும் காந்தச் சுருள்) மின்சிக்னலாக்குகிறது, அந்தச் சிக்னல் மறுபடி ஆம்ப்புக்குப் போகிறது. ராக் கிட்டாரிஸ்டுகள் ஆசைப்பட்டுத் தேடும் ஃபீட்பேக் அதுதான். வாசிக்கும் சுரத்தோடு சேர்ந்தே அதன் சுருதியும் மாறும். ஸ்பீக்கருக்கு நேரே நிற்காமல் இரண்டடி விலகினால் அடங்கும்.

தந்தியை அழுத்தியும் ஒரே சுருதியில் 'கீ...' என்று கத்திக்கொண்டே இருந்தால் அடுத்ததாகக் கிட்டாரின் வால்யூமைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். இப்போது நின்றால் சந்தேகம் பிக்கப் மேல். அப்போதும் நிற்காவிட்டால் ஆம்ப்புக்குள்தான் தேடவேண்டும். இந்த இரண்டு சோதனைக்கும் சேர்த்துப் பத்து நொடி போதும். அதைச் செய்யாமல் முழு செட் வால்வு (ஆம்ப்பில் சிக்னலைப் பெருக்கும் கண்ணாடிக் குழாய்கள்) வாங்கிப் போட்டு, பணம் போனபிறகும் அதே சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது.

ஃபீட்பேக் ஒரு வளையம். வெளியே போகும் சிக்னலில் ஒரு துளி ஏதோ ஒரு வழியில் திரும்ப உள்ளே வருகிறது. ஒரு சுற்று முடிந்து வரும்போது அது கிளம்பியபோது இருந்த அளவுக்குக் குறையாமலும், அதே திசையிலும் இருந்தால் தானே தன்னை வளர்த்துக்கொள்ளும். திரும்பி வரும் வழி காற்றாக இருக்கலாம், மரப்பெட்டியின் அதிர்வாக இருக்கலாம், அருகருகே ஓடும் இரண்டு வயர்களாக இருக்கலாம், எல்லா வால்வுகளும் பங்கிட்டுக்கொள்ளும் பவர் சப்ளையாகவும் இருக்கலாம். ஆகவே ஒவ்வொரு சோதனையும் வளையத்தை ஓரிடத்தில் வெட்டிப் பார்ப்பதுதான். இதில் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. வளையத்தை எங்கே வெட்டினாலும் சத்தம் நிற்கும். வால்யூமைக் குறைத்தால் சத்தம் நிற்கிறது என்பதால் பழுது வால்யூம் பக்கத்தில் இருக்கிறது என்று ஆகிவிடாது. வளையம் அந்த வழியாகப் போகிறது என்பது மட்டுமே அதிலிருந்து தெரியும்.

பேசுவதற்கு வசதியாக ஓர் ஆம்ப்பை எடுத்துக்கொள்வோம்: 1963-இல் ஃபெண்டர் கொண்டுவந்த டீலக்ஸ் ரிவெர்ப், ஏபி763 சர்க்யூட். சுமார் 22 வாட், ஒரு 12 அங்குல ஸ்பீக்கர். சேஸி (பாகங்களைத் தாங்கும் உலோகத் தட்டு) மேலே, வால்வுகள் தலைகீழாகத் தொங்கும், அவற்றுக்குக் கீழே ஸ்பீக்கர் முழங்கும். பின்பக்கமிருந்து பார்த்தால் வலது ஓரத்தில் வி1, நார்மல் சேனலுக்கு. அடுத்து வி2, வைப்ரேட்டோ சேனலுக்கு. வி3 ரிவெர்பை இயக்கும் 12ஏடி7. வி4-இன் ஒரு பாதி, ரிவெர்ப் டேங்கிலிருந்து (எதிரொலியை உண்டாக்கும் ஸ்பிரிங் பெட்டி) திரும்பி வரும் சிக்னலைப் பெருக்கும். மறுபாதி வைப்ரேட்டோ சேனலின் மூன்றாவது பெருக்கு நிலை. வி5 ஒலியளவை ஏற்றி இறக்கும் ட்ரெமொலோ. வி6 சிக்னலை எதிரெதிர்த் திசையில் இரண்டாக்கும் ஃபேஸ் இன்வெர்ட்டர். பிறகு ஸ்பீக்கரை இயக்கும் பவர் வால்வுகளான இரண்டு 6வி6, கடைசியில் ஏசியை டிசியாக்கும் ஜிஇஸட்34 ரெக்டிஃபையர். அமெரிக்கர்கள் 'ட்யூப்' என்பதை நம் ரேடியோ மெக்கானிக்குகள் 'வால்வு' என்றே சொல்லிவந்தார்கள். 12ஏஎக்ஸ்7 என்று அமெரிக்க ஆம்ப்பில் எழுதியிருப்பதுதான் பழைய வால்வு ரேடியோக்காரர்களுக்குத் தெரிந்த இசிசி83.

மூடியைத் திறக்குமுன் ஒரு விஷயம். இந்த ஆம்ப்பில் சுமார் 415 வோல்ட் டிசி ஓடுகிறது. ப்ளக்கைப் பிடுங்கியபிறகும், பவர் சப்ளையைச் சீராக்கும் ஃபில்டர் கண்டென்சர்களில் அது தங்கியிருக்கும், ஆளைக் கொல்லும் அளவுக்கு. 10 கிலோ ஓம், 5 வாட் வயர்வௌண்ட் ரெசிஸ்டர் ஒன்றின் இரு முனையிலும் இன்சுலேஷன் போட்ட க்ளிப் வயர் வைத்துச் சால்டர் செய்து, மேலே ஸ்லீவ் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையை முதலில் சேஸியில் மாட்டுங்கள். மறுமுனையை கண்டென்சரின் பிளஸ்ஸில் பத்து நொடி பிடியுங்கள். பிறகு மல்ட்டிமீட்டரில் அளவெடுங்கள். ஸ்டேண்ட்பை சுவிட்சின் இரண்டு பக்கமும் அளந்து, எங்குமே சில வோல்ட்டுக்கு மேல் இல்லை என்று கண்ணால் பார்த்தபிறகுதான் உள்ளே கை போகலாம். ஸ்க்ரூ டிரைவரால் ஷார்ட் செய்து 'டப்' என்று இறக்குகிற பழக்கம் கண்டென்சருக்கும் கெடுதல், கண்ணுக்கும் கெடுதல். ஆம்ப் ஓடும்போது சோதித்தே ஆகவேண்டிய இடங்களில் ஒரு கை முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். ஸ்பீக்கரோ அதே ஓம் அளவுள்ள டம்மி லோடோ இல்லாமல் ஆம்ப்பை ஓட்டவே கூடாது. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.

பிக்கப்பிலிருந்து தொடங்குவோம். பிக்கப் காயிலில் சுற்றிய மெல்லிய செப்புக் கம்பி இறுக்கமாக இல்லாவிட்டால், அல்லது மூடித் தகடு லேசாக ஆடினால், தந்தியின் உதவியே இல்லாமல் பிக்கப் மைக்காக மாறிவிடும். தந்திகளை அழுத்திக்கொண்டு பிக்கப்புக்கு அருகே வாய்வைத்து 'ஹலோ' என்று சொல்லிப் பாருங்கள். உங்கள் குரல் ஸ்பீக்கரில் தெளிவாகக் கேட்டால் விஷயம் முடிந்தது. இதற்கு மருந்து மெழுகு. 80 பங்கு பாரஃபின், 20 பங்கு தேன்மெழுகு. தண்ணீர் கொதிக்கும் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்கவேண்டும். நேரடித் தீயில் வைத்தால் மெழுகு பற்றிக்கொள்ளும். சூடு 65 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கவேண்டும். ஏறினால் பிளாஸ்டிக் பாபின் வளைந்துவிடும். பிக்கப்பை முக்கினால் காற்றுக்குமிழிகள் வரும். அவை நிற்கும்வரை, அதாவது 15 முதல் 20 நிமிடம், விட்டுவிட்டு எடுத்துத் துடைத்து ஆறவிடலாம். மெழுகு ஏறாத பழைய அசல் பிக்கப்புகளின் விலைக்கும் குணத்துக்கும் அந்த மெழுகின்மையும் ஒரு காரணம் என்பதால் அவற்றில் கை வைக்காதீர்கள். கொஞ்சம் தள்ளி நின்று வாசிப்பதே மேல்.

பெடல்களில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. எல்லாவற்றையும் கழற்றிவிட்டுக் கிட்டாரை நேராக ஆம்ப்பில் செருகுங்கள். கத்தல் போய்விட்டால் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேருங்கள். இரண்டு டிஸ்டார்ஷன் பெடல்களை அடுத்தடுத்துப் போட்டு இரண்டிலும் கெயினை முழுக்கத் திருப்பினால் எந்த ஆம்ப்பும் கத்தத்தான் செய்யும். நாய்ஸ் கேட் போட்டால் வாசிக்காத நேரத்தில் அடங்கும்; வாசிக்கத் தொடங்கியதும் திரும்ப வரும்.

இனி ஆம்ப். இன்புட்டில் எதையும் செருகாதபோது ஜாக்கில் உள்ள சிறு தகடு முதல் வால்வின் கிரிட்டை (சிக்னல் நுழையும் முனை) கிரவுண்டோடு ஷார்ட் செய்துவிடும். எனவே 'ஒன்றும் செருகாதபோது அமைதி, வெறும் கேபிளைச் செருகினால் கத்தல்' என்றால் கிரிட்டுக்கு முந்தைய பகுதி வளையத்தில் சேருகிறது என்று அர்த்தம். ஒன்றும் செருகாமலேயே கத்தினால் இரண்டு சாத்தியம்: பழுது அதற்குப் பின்னால் இருக்கிறது, அல்லது முதல் வால்வே மைக்ரோஃபோனிக், அதாவது அதிர்வை மைக் போலச் சிக்னலாக்குகிறது. கிரிட்டைக் கிரவுண்ட் செய்தாலும் மைக்ரோஃபோனிக் வால்வு அடங்காது என்பதை மறக்கக்கூடாது. அது வெளியிலிருந்து வரும் சிக்னலை நம்பி இல்லை, உள்ளேயே சிக்னலை உண்டாக்குகிறது. மூன்றாவதாக, ஜாக்கின் அந்தத் தகடே அழுக்கடைந்து தொடாமல் இருக்கலாம். காண்டாக்ட் க்ளீனர் நனைத்த மெல்லிய அட்டைத் துண்டைத் தகட்டின் இடையில் இரண்டு முறை இழுத்தால் சரியாகிவிடும். ஜாக்கின் நட்டையும் இறுக்குங்கள். இந்த ஆம்ப்களில் இன்புட்டின் கிரவுண்ட் அந்த நட்டு வழியாகத்தான் சேஸிக்குப் போகிறது.

மைக்ரோஃபோனிக் வால்வு என்றால் என்ன? 12ஏஎக்ஸ்7-இல் எலெக்ட்ரான்களை வெளிவிடும் கேத்தோடைச் சுற்றி முடியைவிட மெல்லிய கம்பியால் கிரிட் சுற்றியிருக்கிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் சிறு பின்னம்தான். அதிர்வில் அந்த இடைவெளி கூடிக் குறைந்தால் ஓடும் கரண்ட்டும் கூடிக் குறையும். அந்த வால்வின் பெருக்கு எண் 100. ஒரு நிலையில் 50, 60 மடங்கு எளிதாகப் பெருக்கும். முதல் வால்வில் பிறந்த சின்ன நடுக்கம் பின்னால் உள்ள எல்லா நிலைகளையும் கடந்து ஸ்பீக்கருக்கு வந்து, பெட்டியை அதிரவைத்து, மறுபடி அதே வால்வை ஆட்டுகிறது. ஸ்பீக்கரும் வால்வும் ஒரே பெட்டியில் இருக்கும் காம்போக்களில் இந்தத் தொல்லை அதிகம் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம்.

கண்டுபிடிக்க ஒரு பென்சில் போதும். ஆம்ப் நன்றாகச் சூடாக ஐந்து நிமிடம் விடுங்கள். சேனல் வால்யூம் 5, ட்ரெபிள் 6. பென்சிலின் ரப்பர் முனையால் ஒவ்வொரு வால்வையும் கதவு தட்டுவதைவிட மெதுவாகத் தட்டுங்கள். வி5, வி6-இல் தட்டினால் எதுவும் கேட்காது, அல்லது மிக மெல்லிதாகக் கேட்கும். வி2-இல் தட்டினால் நல்ல வால்விலும் 'பொத்' என்று ஒரு சத்தம் வரும். இந்தப் 'பொத்'தைக் கேட்டுப் பயந்து நல்ல வால்வைத் தூக்கி எறிகிறவர்கள் உண்டு. நீங்கள் கேட்கவேண்டியது அந்தச் சத்தத்தின் வாலை. வெண்கலக் கிண்ணத்தைச் சுண்டியதுபோல 'ணங்ங்...' என்று இழுத்து, அடங்க ஒரு நொடி ஆனால் அது நோயாளி. தட்டியதும் 'ணங்' வளர்ந்து வளர்ந்து ஊளையாக மாறினால் சந்தேகத்துக்கே இடமில்லை. வால்வுக்கு மேல் உலோக ஷீல்டு இருந்தால் அதைப் போட்டபடி ஒருமுறை, கழற்றி ஒருமுறை தட்டுங்கள். சில சமயம் லூசான ஷீல்டுதான் கிணுகிணுக்கும்.

தட்டுவது மட்டும் தீர்ப்பாகாது. இடம் மாற்றிப் பார்க்கவேண்டும். ஆம்ப்பை அணைத்து, வால்வு ஆறியபிறகு வி2-ஐயும் வி5-ஐயும் ஒன்றுக்கொன்று மாற்றுங்கள். இரண்டும் ஒரே ரக வால்வுதான். கத்தல் போய்விட்டால் வால்வுதான் குற்றவாளி. அந்த வால்வை வீணாக்கவேண்டாம். ட்ரெமொலோ நிலையில் அது பல வருடம் சிக்கலில்லாமல் ஓடும். புதிதாக வாங்கிய வால்வு என்பதாலோ, பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் காலத்துப் பழைய இருப்பு என்பதாலோ ஒரு இசிசி83-ஐ நம்பிவிட முடியாது. பெட்டியிலிருந்து எடுத்தவுடனே மைக்ரோஃபோனிக்காக இருக்கும் வால்வுகள் ஏராளம். முதல் நிலைக்கு இரண்டு மூன்றைத் தட்டிப் பார்த்து, அமைதியானதைத் தேர்ந்து வைப்பதுதான் வழக்கம். 12ஏஎக்ஸ்7-க்குப் பதில் பெருக்கு எண் 70 உள்ள 5751 போட்டால் கத்தல் அடங்கலாம். ஆனால் அது வளையத்தின் பலத்தைக் குறைப்பதுதான். காரணம் அப்படியே இருக்கும். சிலிக்கான் வளையம் மாட்டுவதும் அப்படித்தான், கொஞ்சம் உதவும்.

வால்வை மாற்றியும் தட்டினால் கரகரப்பு வருகிறதென்றால் சாக்கெட்டின் பிடி தளர்ந்திருக்கிறது. கண்டென்சரை இறக்கியபிறகு, தையல் ஊசியால் ஒவ்வொரு துளைக்குள்ளும் உள்ள பிடியை லேசாக உள்நோக்கி நெம்பிவிடுங்கள். 6வி6, இஎல்84 போன்ற பவர் வால்வுகளில் வரும் கிணுகிணுப்பு வேறு ரகம். காதை ஸ்பீக்கரிலிருந்து விலக்கி வால்வுப் பக்கம் வைத்தால், சத்தம் கண்ணாடிக் குடுவையிலிருந்தே வருவது தெரியும். அது ஃபீட்பேக் கிடையாது. உள்ளே ஏதோ ஒரு தகடு ஆடுகிறது.

எல்லாச் சந்தேகத்தையும் இரண்டாகப் பிளக்கும் சோதனை ஒன்று இருக்கிறது. காம்போவின் ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, அதே ஓம் உள்ள இன்னொரு கேபினெட்டை நீளமான ஸ்பீக்கர் கேபிளில் இணைத்து அடுத்த அறையில் வையுங்கள். ஃபெண்டரில் அதை மெயின் ஜாக்கில்தான் செருகவேண்டும். மெயின் காலியாக இருந்தால் அதிலுள்ள ஷார்ட் தகடு அவுட்புட்டையே ஷார்ட் செய்துவிடும், எக்ஸ்டென்ஷன் ஜாக்கில் சத்தம் வராது. கிட்டார் கேபிளை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். கதவைச் சாத்தியதும் கத்தல் நின்றால் வளையம் காற்றிலோ மரத்திலோ மூடுகிறது: வால்வு, ரிவெர்ப் டேங்க், பிக்கப். அடுத்த அறையிலும் அப்படியே கத்தினால் வளையம் மின்சாரத்தில் மூடுகிறது: வயர் அமைப்பு, கிரவுண்ட், பவர் சப்ளை, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர். பாதித் தேடல் இங்கேயே முடிந்துவிடும்.

ரிவெர்ப் டேங்கை மறந்துவிடுகிறவர்கள் அதிகம். ஸ்பீக்கருக்குச் சில அங்குலம் தள்ளி, பெட்டியின் அடித்தட்டில், ஸ்பிரிங் கட்டித் தொங்கும் ஒரு மைக் அது. சேனல் வால்யூம் பூஜ்யம், ரிவெர்ப் 8: இப்போதும் அடிக்குரலில் 'ஊ...' என்று உறுமினால் காரணம் டேங்க் பக்கம்தான். ஏனென்றால் டேங்கிலிருந்து திரும்பி வரும் சிக்னல் வால்யூம் கன்ட்ரோலுக்குப் பிறகுதான் பிரதான வழியில் சேருகிறது. வால்யூமால் அதைத் தடுக்கமுடியாது. டேங்கைக் கேபிளோடு வெளியே எடுத்து ஒரு தலையணை மேல் வைத்துப் பாருங்கள். நின்றால் டேங்க் அதிர்வை வாங்குகிறது. மூடித் திருகியிருக்கும் ஸ்க்ரூக்களைக் கொஞ்சம் தளர்த்தி, ரப்பர் வாஷர் போட்டு, திறந்த பக்கத்துக்கு அட்டை வைத்து, பையில் போட்டுத் திரும்ப வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். டேங்குக்குள் இருக்கும் சின்னச் சட்டம் நான்கு குட்டி ஸ்பிரிங்குகளில் தொங்கவேண்டும். ஒன்று கழன்றிருந்தால் சட்டம் வெளிப்பெட்டியைத் தொட்டு, ஸ்பீக்கரின் அதிர்வை அப்படியே விழுங்கும்.

புது டேங்க் வாங்கினால் எண்ணைப் பாருங்கள். இந்த ஆம்ப்புக்கு 4ஏபி3சி1பி. அதிலுள்ள முதல் 'ஏ' 8 ஓம் இன்புட்டைச் சொல்கிறது, அடுத்த 'பி' 2250 ஓம் அவுட்புட்டை, '3' நீண்ட எதிரொலியை. 'சி' என்றால் இன்புட் ஜாக் டேங்கின் உடலோடு ஒட்டாதது, அவுட்புட் ஜாக் ஒட்டியது. கடைசி 'பி' படுக்கைவாட்டில், திறந்த பக்கம் கீழே இருக்குமாறு வைப்பதற்கானது. கிரவுண்ட் எழுத்து மாறிய டேங்கைப் போட்டுவிட்டு ஹம்மோடும் உறுமலோடும் மாதக்கணக்கில் போராடுவது வழக்கமாக நடக்கிறது. சோதனைக்காக ரிவெர்பைத் துண்டிக்கும்போது டேங்கின் இன்புட் கேபிளை மட்டும் பிடுங்கிவிட்டு வாசிக்காதீர்கள், வி3-ஐயும் கழற்றிவிடுங்கள். லோடு இல்லாத சின்ன ரிவெர்ப் டிரான்ஸ்ஃபார்மர் பாவம்.

மின்சாரத்தில் மூடும் வளையங்களுக்கு வருவோம். இங்கேதான் பொறுமை தேவை. இந்த ரகத்துக்கு பாரசிட்டிக் ஆஸிலேஷன் என்று பெயர். காதுக்குக் கேட்கும் கீச்சொலியாக இருந்தால் அதிர்ஷ்டம். பல சமயம் அது காதுக்கு எட்டாத அலைவரிசையில் ஓடும். விளைவுகள் மட்டுமே தெரியும். ட்ரெபிளை 7-க்கு மேல் திருப்பினால் சத்தம் திடீரென்று ஒடுங்கும். ஒவ்வொரு சுரத்தோடும் கிழிந்த காகிதம் போல ஒரு கரகரப்பு ஒட்டிக்கொண்டு வரும். வாசிக்காமலே பவர் வால்வின் பிளேட் (பெருக்கிய சிக்னல் வெளியேறும் தகடு) சிவக்கும். ஆஸிலோஸ்கோப் இருந்தால் ஸ்பீக்கர் முனையில் நேரடியாகப் பார்த்துவிடலாம். இல்லாவிட்டால் பவர் வால்வின் கேத்தோடு கரண்ட்டை அளந்தபடி, கிட்டார் இல்லாமல், வால்யூமையும் ட்ரெபிளையும் ஒவ்வொன்றாகத் திருப்புங்கள். சிக்னலே இல்லாதபோது கரண்ட் ஏறினால் உள்ளே ஏதோ ஓடுகிறது. சாதாரண மல்ட்டிமீட்டரின் ஏசி வோல்ட்டை இதற்கு நம்பாதீர்கள். உயர்ந்த அலைவரிசைகளில் அது பொய் சொல்லும்.

இதற்கான கருவி ஒரு காய்ந்த மூங்கில் குச்சி. சாப்ஸ்டிக் என்றாலும் சரி. சேஸியை வெளியே எடுத்து, ஸ்பீக்கரோடு இணைத்து, கத்தும் நிலைக்கு நாப்களை வைத்துவிட்டு, குச்சியின் முனையால் ஒவ்வொரு வயராக ஒரு சென்டிமீட்டர் நகர்த்திப் பாருங்கள். சம்பந்தமில்லாத வயரைத் தொட்டால் எதுவும் மாறாது. சரியான வயரைத் தொட்டதும் கீச்சொலியின் சுருதி வழுக்கும், நாதஸ்வரத்தில் கமகம் போவதுபோல ஏறி இறங்கும். இன்னும் கொஞ்சம் தள்ளினால் சட்டென்று அமைதி. குச்சியை எடுத்தால் வயர் பழைய இடத்துக்குத் திரும்பி மறுபடி கத்தும். அந்த வயரைத்தான் தேடினோம். பெரும்பாலும் அது ஒரு கிரிட் வயராகவோ அதன் பக்கத்தில் படுத்திருக்கும் பிளேட் வயராகவோ இருக்கும். விரலால் இந்த வேலையைச் செய்ய நினைக்கவே வேண்டாம்.

கிரிட்டுக்குப் போகும் வயர் குட்டையாகவும் சேஸித் தகட்டோடு ஒட்டியும் ஓடவேண்டும். பிளேட் வயரைக் கடக்க நேர்ந்தால் செங்குத்தாகக் கடக்கவேண்டும்; பக்கத்தில் இணையாக ஓடக்கூடாது. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து 6வி6-க்குப் போகும் நீல, பழுப்பு வயர்களை முறுக்கி ஓரமாக விடுங்கள். ஸ்பீக்கர் ஜாக்கிலிருந்து வரும் எந்த வயரும் இன்புட் பக்கம் எட்டிப் பார்க்கக்கூடாது. இன்புட்டிலிருந்து முதல் கிரிட் வரை ஷீல்டு வயர் போடுவது நல்லது. ஷீல்டை ஒரு முனையில் மட்டும் கிரவுண்ட் செய்யுங்கள்.

பிறகு கிரிட் ஸ்டாப்பர், அதாவது கிரிட்டுக்குப் போகும் வழியில் மிக உயர்ந்த அலைவரிசைகளைத் தடுக்கும் ரெசிஸ்டர். இன்புட்டில் இருக்கும் 68 கிலோ ஓம் ரெசிஸ்டருக்கு இதுதான் வேலை. வால்வுக்குள் கிரிட்டுக்கும் பிளேட்டுக்கும் இடையே இருக்கும் 1.6 பிக்கோஃபாரட், அந்த நிலையின் பெருக்கத்தால் சுமார் 100 பிக்கோஃபாரட் போல நடந்துகொள்ளும். 68 கிலோ ஓமும் அதுவும் சேர்ந்தால் சுமார் 23 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் சிக்னல் சரியத் தொடங்கும். கிட்டாருக்கு நஷ்டமில்லை, ரேடியோ அலைவரிசையில் ஓடும் ஆஸிலேஷனுக்கு மட்டும் வேகத்தடை. ரெசிஸ்டர் சாக்கெட்டின் பின்னிலேயே சால்டர் ஆகியிருக்கவேண்டும். ஜாக்கில் வைத்துவிட்டு அங்கிருந்து நீளமாக வயர் இழுத்தால் அந்த வயரே ஆன்டெனாவாகும். பவர் வால்வுகளுக்கும் இதே விதி. ஃபெண்டரின் 6எல்6 ஆம்ப்களில் 1.5 கிலோ ஓம் கிரிட் ஸ்டாப்பரும் 470 ஓம் ஸ்க்ரீன் ரெசிஸ்டரும் சாக்கெட்டிலேயே இருக்கும். மார்ஷல் ஜேசிஎம்800 போன்ற இஎல்34 ஆம்ப்களில் 5.6 கிலோ ஓமும் 1 கிலோ ஓமும். உங்கள் ஆம்ப்பில் இவை விடுபட்டிருந்தால் சேர்ப்பதால் ஒலி கெடாது.

இதோடு ஒட்டிய ஒரு விஷயம். 1960-களின் இறுதியில் வந்த சில்வர்ஃபேஸ் (வெள்ளி நிற முன்பலகை) ஃபெண்டர்களில் பவர் வால்வின் கிரிட்டுகளிலிருந்து கிரவுண்டுக்கு 2000 பிக்கோஃபாரட் கண்டென்சர்கள் இருக்கும். உள்ளே வயர்கள் முன்புபோல ஒழுங்காக ஓடாததால் எழுந்த ஆஸிலேஷனை அமுக்கப் போட்டவை அவை. 'பிளாக்ஃபேஸாக (அதற்கு முந்தைய கறுப்பு முன்பலகை ரகமாக) மாற்றுகிறேன்' என்று அந்தக் கண்டென்சர்களை மட்டும் வெட்டி எறிந்தால், அவை மூடிவைத்திருந்த பேய் எழுந்து வரும். முதலில் வயர்களை ஒழுங்குபடுத்தி, கிரிட் ஸ்டாப்பர் போட்டு, அதன்பிறகே அவற்றை எடுக்கவேண்டும். இந்த வரிசையை மாற்றிச் செய்துவிட்டு ஆம்ப்பைக் குறை சொல்வது நியாயமில்லை.

அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரை மாற்றியபின் முதல்முறை சுவிட்சைப் போட்டதும், எல்லா நாபும் பூஜ்யத்தில் இருக்கும்போதே ஆம்ப் முழுச் சத்தத்தில் அலறினால் பயப்படவேண்டாம், உடனே அணையுங்கள். நெகட்டிவ் ஃபீட்பேக் திசை மாறிவிட்டது. இந்த ஆம்ப்பில் ஸ்பீக்கர் முனையிலிருந்து 820 ஓம் வழியாக ஒரு துளி சிக்னல் ஃபேஸ் இன்வெர்ட்டரில் உள்ள 47 ஓமுக்குத் திரும்ப வருகிறது. எதிர்த்திசையில் வந்தால் ஆம்ப்பை அடக்கும். அதே திசையில் வந்தால் ஊதிவிடும். 820 ஓமின் ஒரு காலைச் சால்டரிலிருந்து தூக்கிவிட்டு ஆம்ப்பைப் போட்டால் ஒழுங்காக வாசிக்கும். உறுதியானபின், அணைத்து, கண்டென்சரை இறக்கி, இரண்டு 6வி6-களின் 3-ஆம் பின்னில் உள்ள நீல, பழுப்பு வயர்களை ஒன்றுக்கொன்று மாற்றுங்கள். 820-ஐத் திரும்ப வைத்ததும் சத்தம் முன்பைவிடக் கொஞ்சம் குறைந்தால் திசை சரி. புது டிரான்ஸ்ஃபார்மர் போட்டு முதல்முறை ஏற்றும்போது 100 வாட் குண்டு பல்பை சீரிஸில் போட்டு ஏற்றுவது நம் மெக்கானிக்குகளின் நல்ல வழக்கம். 120 வோல்ட் அமெரிக்க ஆம்ப்பை ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மரில் ஓட்டுகிறீர்கள் என்றால் பல்ப் அதற்கு முன்னால், 230 வோல்ட் பக்கம் வரட்டும். வாக்ஸ் ஏசி30, ஃபெண்டரின் 5இ3 ட்வீட் டீலக்ஸ் ஆகியவற்றில் இந்த ஃபீட்பேக் சுற்றே கிடையாது. அவற்றில் இந்தப் பழுதும் வராது.

மிச்சமிருப்பது 'குப்... குப்... குப்' என்று மெதுவாக, படகு மோட்டார் போல அடிக்கும் சத்தம். பெயரே மோட்டார்போட்டிங்தான். வளையம் மூடுவது பவர் சப்ளையில். ஒவ்வொரு நிலையும் சிக்னலைத் தலைகீழாக்குகிறது. ஆகவே முதல் நிலையின் பிளேட்டும் மூன்றாவது நிலையின் பிளேட்டும் ஒரே திசையில் ஆடும். மூன்றாவது நிலை கரண்ட்டை இழுக்கும்போது சப்ளை தாழ்ந்தால் அந்தத் தாழ்வு முதல் நிலையைத் தட்டி எழுப்பும். இதைத் தடுப்பது நடுவில் நிற்கும் ஃபில்டர் கண்டென்சர். அது காய்ந்துபோனால் தடுப்பு போய்விடும். பழைய டீலக்ஸ் ரிவெர்பில் 16 மைக்ரோஃபாரட், 450 வோல்ட் கண்டென்சர்கள் ஐந்து. சந்தேகப்படும் ஒன்றின்மேல், ஆம்ப்பை அணைத்து இறக்கியபின், 22 மைக்ரோஃபாரட் 500 வோல்ட் புதுக் கண்டென்சர் ஒன்றை க்ளிப்பில் இணையாக மாட்டி, தள்ளி நின்று சுவிட்சைப் போடுங்கள். பிளஸ்ஸும் மைனஸும் மாறினால் வெடிக்கும் என்பதால் இருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். சத்தம் நின்றால் ஐந்தையுமே மாற்றிவிடுங்கள். ஒன்று காய்ந்தால் மற்றவையும் வரிசையில் நிற்கின்றன. ஆர்வத்தில் முதல் கண்டென்சரை மிகப் பெரிதாக்கவேண்டாம்: ஜிஇஸட்34 தாங்குவது 60 மைக்ரோஃபாரட் வரைதான்.

எல்லாம் முடிந்து சேஸியைப் பெட்டிக்குள் ஏற்றுமுன் பெட்டியின் மேல்பலகையின் உட்புறத்தைப் பாருங்கள். அங்கே ஒட்டியிருக்கும் உலோகத் தகடு சேஸியின் திறந்த வாயை மூடும் ஷீல்டு. அது கிழிந்தோ, சேஸியைத் தொடாமலோ இருந்தால் மேசைமேல் இருந்த கீச்சொலி பெட்டிக்குள்ளும் தொடரும். மேசைமேல் மட்டும் கத்திவிட்டுப் பெட்டிக்குள் அடங்கும் ஆம்ப்களும் உண்டு. அவற்றில் தேட ஒன்றுமில்லை. ஏற்றியபின் பின்பலகையின் ஸ்க்ரூக்களை எல்லாம் இறுக்கி, ஒரு மணி நேரம் நல்ல சத்தத்தில் வாசியுங்கள். சூடேறினால்தான் சில வால்வுகள் தங்கள் குணத்தைக் காட்டும். பிறகு வால்யூம் 7, ட்ரெபிள் 8, ப்ரைட் சுவிட்ச் ஆன், ரிவெர்ப் 5 என்று வைத்து, கிட்டாரின் வால்யூமைப் பூஜ்யத்தில் நிறுத்திக் கேளுங்கள். லேசான இரைச்சல் மட்டும் இருக்கவேண்டும். உள்ளங்கையைத் தந்திகள்மேல் வைத்துக்கொண்டு கிட்டார் வால்யூமை முழுக்க ஏற்றுங்கள். அப்போதும் அதே இரைச்சல்தான். கையை எடுங்கள். தந்தி மெல்ல எழுந்து பாடத் தொடங்கினால் ஆம்ப் வாசிக்கத் தயார்.